மட்டம் என்னும் சொல்

மலையின் உயரமும் ஊரின் உயரமும் குளத்து அணைக்கட்டின் உயரமும் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், கடல் அசையாத ஓர் அடித்தளம் என்ற எண்ணம் பாடசாலை நாட்களிலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தக் கடலின் உயரத்தை எதிலிருந்து அளப்பது என்று கேட்டால் விடை எளிதில் வராது. மட்டம் என்ற தமிழ்ச்சொல்லுக்குச் சமநிலை என்றும் அளவு என்றும் எல்லை என்றும் பொருள்கள் உண்டு. மேசனின் மட்டப்பலகையிலிருந்து கமக்காரனின் வயல் சமன்படுத்தல் வரை அது தொழிற்சொல்லாகவும் இருக்கிறது. மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே அது இருப்பதாகச் சொல்வோரும் உளர். தோணியில் வந்தவர்கள் களப்பின் எல்லையை அடைந்ததும் இதுவே மட்டம் என்று நிறுத்திக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆழங்குறைந்த மட்டமான களப்பு என்பது இன்னொரு விளக்கம். சேற்றுக் களப்பு என்று பொருள்தரும் சிங்களப் பெயரோடு இணைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்பதைப் பெயராய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கடலின் மட்டமும் களப்பின் மட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் ஓரிடத்துக்கு இப்பெயர் வாய்த்திருப்பதே இக்கட்டுரைக்குப் போதுமானது.

வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, 140 சதுர கிலோமீற்றருக்குச் சற்றே கூடிய பரப்புடைய உவர்நீர் நிலையாகும். அதன் கிழக்கே, சூரியன் எழும் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரையாக எழுவான்கரையும், மேற்கே சூரியன் படும் பக்கத்தில் வயல்களும் குளங்களுமாகப் படுவான்கரையும் இருக்கின்றன. முந்தெனி ஆறு முதலான ஆறுகளும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்நீரும் மேற்கிலிருந்து வாவிக்குள் இறங்குகின்றன. அந்த நீர் கடலுக்குப் போவதற்கு இரண்டே வழிகள்: நகருக்கு அருகே பாலமீன்மடுவில் உள்ள முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் உள்ளது மற்றொன்று. கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவிக்க வாய்கள் மூடிக்கொள்ளும். மாரியில் வெள்ளம் பெருகியதும் மணற்தடை தானாக உடையும், அல்லது மனிதர் அதை வெட்டிவிடுவர். ஆற்றுவாய் வெட்டுதல் என்று இதைச் சொல்கிறார்கள்.

ஆற்றுவாய் எப்போது வெட்டப்பட வேண்டும் என்பது மட்டக்களப்பில் ஒவ்வொரு மாரியிலும் எழும் கேள்வி. வெள்ளாமை நீருக்குள் அமிழ்ந்து நிற்கும்போது படுவான்கரைக் கமக்காரர்கள் உடனே வெட்டச் சொல்வார்கள். இறாலும் மீன்குஞ்சும் தங்குவதற்கு வாவியில் நீர் நிற்க வேண்டும் என்பது தோணியில் வலைபோடும் மீனவர்களின் கவலை. முன்பு மண்வெட்டியாலும் இன்று பெக்கோ இயந்திரத்தாலும் முதலில் திறக்கப்படுவது சிறிய வாய்க்கால் அளவேயான ஒரு கீறல்தான். மண்ணிற நீர் அதில் தயங்கித் தயங்கி வழிந்து, கரையை அரித்து, சில மணி நேரத்தில் தன் வழியைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். கரையோர மணல் பாளம்பாளமாகச் சரிந்து விழ, சிறிது தூரத்துக்குக் கடல்நீரின் நிறமே மாறிவிடும். இவ்வளவு வேகமும் பிறப்பது ஒரேயொரு காரணத்தால்: வாவியின் மட்டம் கடலின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறது. அந்த வேறுபாடு இல்லையானால் பெக்கோ இயந்திரங்கள் எத்தனை நின்றாலும் வெள்ளம் வடியாது. கரையோரத் தாழ்நிலத்தின் வடிகால் முழுவதும் இரு மட்டங்களின் வேறுபாட்டில் தங்கியிருக்கிறது என்பதும், வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவாக உள்ள இலங்கைக் கரையில் அந்த வேறுபாடு மிகச் சிறியது என்பதும் சேர்த்து நினைக்கப்பட வேண்டியவை.

அவ்விரு மட்டங்களில் ஒன்றாகிய வாவியின் மட்டத்தைத் தீர்மானிப்பவை மழையும் குளத்து வான்கதவுகளும். மற்றதாகிய கடலின் மட்டத்தை நீண்டகால நோக்கில் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை கடல்நீரின் வெப்பமும், உலகின் இரு முனைகளிலும் உள்ள பனியுமாகும். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 81.7 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. அக்கோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் குமனைப் பக்கத்தில் இலங்கை முடிகிறது. அதன்பின் ஒரு தீவும் குறுக்கிடாது, எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடலாகவே சென்று அந்தாட்டிக்காவின் மேற்குப் பனித்தட்டு எனப் பெயரிடப்பட்ட மிதக்கும் பனிவிளிம்பில் அக்கோடு முட்டுகிறது. முகத்துவாரத்துக்கு நேர் எதிர்க்கரை என்று சொல்லத்தக்கது பனியே.

அப்பனியையும் அதற்கும் இக்கரைக்கும் இடைப்பட்ட கடலையும் அளப்பதற்கு மனிதர் கடந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் உருவாக்கிய வழி, வானிலிருந்து அளப்பது. 1992 ஓகஸ்ட் 10 அன்று அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்-பொசைடன் செய்மதியோடு கடல் மட்டத்தின் தொடர்ச்சியான பதிவு தொடங்குகிறது. 1,336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அது கீழ்நோக்கி ஒரு வானொலித் துடிப்பை அனுப்பும். கடல்மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வர அத்துடிப்புக்கு ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே செல்லும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். உயரமானி எனப்படும் இக்கருவியின் தத்துவம் கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும்வரை எண்ணுவதற்கு ஒப்பானது. அரிதாக இருப்பது அதன் நுட்பம். ஒரு சென்ரிமீற்றர் பிழைகூட நேராமல் அளக்க வேண்டுமானால் நேரத்தை ஒரு செக்கனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே பிரித்தறிய வேண்டும். வளிமண்டலத்தின் ஈரப்பதம் துடிப்பைத் தாமதப்படுத்துவதைக் கழிக்க வேண்டும். அலைகளின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். செய்மதியே அந்தக் கணத்தில் எங்கே நின்றது என்பதைச் சென்ரிமீற்றர் துல்லியத்தில் அறிந்திருக்கவும் வேண்டும். ஜேசன் என்ற பெயரில் மூன்று செய்மதிகள் 2001, 2008, 2016 ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அதே பாதையில் வந்தன; 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்ரினல்-6 அந்த அளவீட்டை இன்று தொடர்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒரே பாதைக்குத் திரும்பும் இந்த வரிசை சொல்லும் செய்தி, 1993க்குப் பின் உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது என்பதும், உயரும் வேகம் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவிலிருந்து நான்கு மில்லிமீற்றருக்கு மேலாகி இரட்டிப்பாகிவிட்டது என்பதுமாகும். ஒரு சாணுக்கும் குறைந்த இந்த உயர்வு, வாவிக்கும் கடலுக்கும் இடையிலான சிறிய வேறுபாட்டிலிருந்து கழிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது.

இக்கருவிகளுக்கும் மட்டக்களப்புக்கும் இடையே யாரும் விரும்பியிராத ஒரு சந்திப்பு நிகழ்ந்த நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்த பின், அலை வங்காள விரிகுடாவைக் கடந்துவந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிழக்கிலங்கைக் கரையைத் தாக்கியது; நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஊர்கள் இருபுறமும் நீரால் சூழப்பட்டு அழிந்தன; இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ அதே வேளையில் டோபெக்ஸ்-பொசைடனும் ஜேசன்-1உம் இந்து சமுத்திரத்தின் மேலாகக் கடந்துகொண்டிருந்தன. ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவே என்று அவை பதிந்தன. கரையை நெருங்கி ஆழம் குறைந்தபோது அதுவே பனையளவு எழுந்தது. ஆனால் அந்த அளவீடு பூமிக்கு இறங்கி, பிரித்துப் படிக்கப்படுவதற்குள் பல மணி நேரம் கழிந்துவிட்டது. எச்சரிக்கைக்காக வடிவமைக்கப்படாத கருவியை இதற்காகக் குறை சொல்வது முறையாகாது. எனினும், வானிலிருந்து அறியப்படுவது வேறு, கரையில் நிற்பவருக்கு அது தெரிவது வேறு என்ற உண்மையை இவ்வளவு கொடுமையாக எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி கடலளவையின் வரலாற்றில் இன்னொன்று இல்லை.

கடல் மட்டமானது என்ற எண்ணத்தை அடியோடு குலைத்தது உயரமானியைக் காட்டிலும் ஈர்ப்பை அளந்த ஆய்வுகளே. பூமியின் உட்பகுதி எங்கும் ஒரே அடர்த்தியோடு இல்லாததால் ஈர்ப்பும் இடத்துக்கிடம் வேறுபடுகிறது. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடல்நீர் குவிகிறது, குறைந்த இடத்தில் தாழ்கிறது. காற்றும் நீரோட்டமும் வற்றுப்பெருக்கும் இல்லாவிட்டால் கடல் எந்த வடிவத்தில் அமைதியாக நிற்குமோ அந்த வடிவத்தை ஜியோயிட் என்பர். உலகிலேயே அது மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. பூமியின் சராசரி நீள்கோள வடிவத்தோடு ஒப்பிட அங்கே கடல் 100 மீற்றருக்கும் மேலாகக் குழிந்திருக்கிறது. டச்சு அறிஞர் வெனிங் மைனஸ் 1948இல் கப்பலில் வைத்து ஈர்ப்பை அளந்தபோது கண்ட இந்தப் பள்ளத்துக்கு, தெதிஸ் என்ற பழங்கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்ததும் அதனால் கிளர்ந்தெழுந்த வெப்பப் பாறைக்குழம்பும் காரணமாகலாம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அத்ரேயீ கோஷும் தேபாஞ்சன் பாலும் 2023இல் விளக்கம் தந்தனர். கப்பலில் போகிறவர் இப்பள்ளத்தை உணரமாட்டார், ஏனெனில் அங்கே கிடைநிலை என்பதே அதுதான்.

ஈர்ப்பே நீரை நிறுத்துகிறது என்றால், பனியின் ஈர்ப்பும் நீரை நிறுத்த வேண்டும். கிறீன்லாந்தின் மேலுள்ள பனிவிரிப்பு, அதாவது நிலத்தின் மேல் கண்டமளவு பரந்து கிடக்கும் பனி, தன் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரைந்தால் இழுப்பும் குறையும். ஆகவே கிறீன்லாந்தை ஒட்டிய கடலில் மட்டம் தாழ்கிறது, அங்கிருந்து விடுபட்ட நீர் தொலைவில் உள்ள வெப்பவலயக் கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாகச் சேர்கிறது. மேற்கு அந்தாட்டிக்காவின் பனி குறைந்தால் சராசரியைவிட மிகுதியாக உயரும் கடல்களுள் இந்து சமுத்திரமும் ஒன்று என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. பனியை ஒருபோதும் கண்டிராத கரை, பனியின் நீரில் தன் பங்குக்கு மேலாகப் பெறுகிறது. பனிக்கு அண்மையில் வாழ்பவரே பாதிக்கப்படுவர் என்ற இயல்பான எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது. துருவ ஆய்வு என்பது குளிர்நாட்டாரின் விடயம் என்று கருதும் தமிழ் வாசகர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதையே.

பனியின் எடையை அளப்பதற்கு 2002 மார்ச்சில் கிரேஸ் என்ற இணைச் செய்மதிகள் ஏவப்பட்டன. ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற அவை கீழே எதையும் படம்பிடிக்கவில்லை. தங்களுக்கிடையிலான தூரத்தை மட்டுமே தலைமயிரின் தடிப்பிலும் சிறிய அளவுக்கு அளந்துகொண்டிருந்தன. ஈர்ப்பு மிகுந்த நிலத்தை முன்செல்வது அணுகும்போது அது சற்றே முந்தி இழுக்கப்படும், பிறகு பின்செல்வதும் இழுக்கப்படும். இடைவெளி விரிந்து சுருங்கும் இந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து கீழுள்ள பொருளின் எடை கணிக்கப்பட்டது. 2018இல் ஏவப்பட்ட இரண்டாம் இணை இன்றும் அப்பணியைச் செய்கிறது. இந்த அளவீட்டின்படி கிறீன்லாந்து ஆண்டுதோறும் சராசரியாக 25,000 கோடித் தொன்னுக்கும் மேற்பட்ட பனியை இழந்து வருகிறது. அந்தாட்டிக்காவின் இழப்பு அதில் ஏறத்தாழ பாதி. உலகக் கடல் முழுவதும் ஒரு மில்லிமீற்றர் உயர 36,000 கோடித் தொன் நீர் வேண்டும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், உயரமானிகள் காட்டும் உயர்வில் ஒரு பகுதிக்கு எடைக்கணக்கும் கிடைத்துவிடுகிறது.

கடலில் மிதக்கும் பனி கரைவதால் மட்டம் ஏறத்தாழ உயர்வதே இல்லை. குவளையில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தாலும் நீர் வழிவதில்லை. அப்படியானால் அந்தாட்டிக்காவைச் சுற்றி மிதக்கும் பனித்தட்டுகள் உடைவதை ஏன் அஞ்ச வேண்டும் என்ற வினாவுக்கு மட்டக்களப்பில் பிறந்த எவரும் பாடநூல் இல்லாமலே விடை சொல்லக்கூடும். பனித்தட்டு என்பது பனியாற்றின் முகத்துவாரத்தில் கிடக்கும் மணற்தடை. அதன் நீர்ப்பெறுமதி சிறிது. அது தடுத்து வைத்திருப்பதுதான் பெரிது. 2002 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தாட்டிக்கத் தீபகற்பத்தின் லார்சன்-பி பனித்தட்டு 3,250 சதுர கிலோமீற்றர் பரப்பில் சில வாரங்களில் நொறுங்கிப்போனதைச் செய்மதிப் படங்கள் நாளுக்குநாள் காட்டின. அதன்பின் அதற்குப் பின்னால் இருந்த பனியாறுகள் முன்னைவிடப் பன்மடங்கு வேகத்தில் கடலுக்குள் இறங்கத் தொடங்கின. ஆற்றுவாய் வெட்டப்பட்டதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு மட்டுமே உண்டு. அடுத்த கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மூடிவிடும். உடைந்த பனித்தட்டை ஒரு மனித வாழ்நாளுக்குள் திருப்பிக்கொடுக்கும் பருவம் எதுவும் இல்லை.

செய்மதி பனியின் மேற்பரப்பைக் காணும். பனியின் அடியைக் காண விமானம் தாழப் பறக்க வேண்டும். பனிமேல் பறந்த விமானங்களின் ராடார் உயரமானிகள் பிழையான உயரங்களைக் காட்டியதிலிருந்து, சில வானொலி அலைகள் குளிர்ந்த பனியை ஊடுருவி அடிப்பாறையில் பட்டுத் திரும்புகின்றன என்பது 1950களில் புலனாயிற்று. பிழையே கருவியாகி, அடுத்த பத்தாண்டுகளில் கேம்பிரிட்ஜின் ஸ்கொட் துருவ ஆய்வு நிறுவனத்தார் அந்தாட்டிக்காவின் மேல் விமானத்தில் பறந்து பனியின் தடிப்பை வரைபடமாக்கினர். 2009இல் ஐஸ்சாற் என்ற லேசர் செய்மதி செயலிழந்தபோது, அதன் வாரிசு 2018 செப்டெம்பரில் ஏவப்படும்வரை அளவீடு அறுந்துவிடாதிருக்க நாசா நிறுவனம் ஐஸ்பிரிட்ஜ் என்ற பெயரில் விமானங்களை அனுப்பியது. சிலியின் புந்தா அரேனாசிலிருந்தும் கிறீன்லாந்துத் தளங்களிலிருந்தும் 2019 வரை அவை பறந்தன. இப்பறப்புகள் காட்டியவற்றுள் மிகுந்த கவலை தருவது மேற்கு அந்தாட்டிக்காவின் அமைப்பு. அங்கே பனியின் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது, உள்நாட்டை நோக்கிப் போகப்போக மேலும் ஆழமாகிறது. இலங்கையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புடைய துவெய்ற்ஸ் பனியாறு அத்தகைய சரிவில்தான் தங்கி நிற்கிறது. அது முழுவதும் போனால் உலகக் கடல் 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும்.

அடியில் இருப்பதைக் கேட்டறியும் இக்கலை வாவிக்கரையாருக்குப் புதிதன்று. நிலவொளி நாட்களில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் அலகை நீருக்குள் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால், நரம்புக்கருவியைச் சுண்டியதுபோன்ற ஒலி மரத்தின் வழியே ஏறிவரும் என்பது பாடும்மீன் பற்றி வழங்கும் செய்தி. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் தெனற் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். காரைதீவில் பிறந்து, அறிவியல் பட்டமும் தமிழ்ப் புலமையும் சேரப் பெற்று, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு யாழ்நூல் செய்த விபுலாநந்த அடிகள் இந்த வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாகவும் ஆக்கினார். 1930களில் சென்னையில் அறிவியல் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. துடுப்பு வழியே ஒலியைக் கேட்பதும் ராடார் வழியே பாறையைக் கேட்பதும் ஒரே அறிவின் இரு நிலைகள் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் அவரிடம் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பனியை அடியிலிருந்து அரிப்பது கடல். கிறீன்லாந்தின் பனியாறுகள் சில ஏன் மற்றவற்றைவிட விரைந்து பின்வாங்குகின்றன என்பதை அறிய 2016 முதல் 2021 வரை நாசாவின் விமானங்கள் அந்தத் தீவைச் சுற்றிப் பறந்து, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் குழாய்வடிவக் கருவிகளைக் கடலுக்குள் போட்டன. மேலே உருகுநீரின் குளிர்ந்த படை, கீழே அத்திலாந்திக்கின் உப்பு மிகுந்த வெதுவெதுப்பான நீர் என்று அவை காட்டின. ஆழமான கடல்வாய்களில் அந்த வெதுவெதுப்பான நீர் பனியின் காலடிவரை போய்விடுகிறது. உப்புநீர் கனத்தால் அடியில் தங்கி உள்நோக்கிப் புகும் இதே இயல்பு எழுவான்கரைக் கிணறுகளிலும் செயற்படுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று மக்கள் நெருங்கி வாழும் அந்த மணற்கரையில் கிடைக்கும் நன்னீர், மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு வில்லையாகும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு சாண் நின்றால் கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு உப்பை அது அமிழ்த்தி வைத்திருக்கும் என்பது நீரியலாரின் பொதுக்கணக்கு. கடல் உயரும்போது நன்னீரும் அதற்கேற்ப உயர்வதற்கு இடமில்லாத தாழ்ந்த மணலில், மேலே இழக்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் கீழே நாற்பது சென்ரிமீற்றர் நன்னீர் போகிறது. சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் உவர்த்துக் கிடந்த கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்த கரையோரக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இவ்வாய்வில் தென்னாசியாவின் பங்கும் ஒரு களப்பின் கரையிலிருந்தே தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டுக் களப்பையும் வங்காள விரிகுடாவையும் பிரிக்கும் மணல்தீவே ஸ்ரீஹரிகோட்டா. நாவலடியும் கல்லடியும் எவ்வாறு அமைந்தனவோ அவ்வாறே அலை குவித்த மணலில் அமைந்த நிலம். இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து உருவாக்கிய சரல் செய்மதி 2013 பெப்ரவரி 25 அன்று அங்கிருந்து எழுந்தது. அதன் உயரமானி முந்தியவற்றைவிடக் குறுகிய அலையைப் பயன்படுத்தியதால் துடிப்பு பனித்தூளுக்குள் ஆழமாகப் புகாமல் மேற்பரப்பிலிருந்தே திரும்பியது. 2025 ஜூலை 30 அன்று இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் அதே தீவிலிருந்து ஏவப்பட்டது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பூமியின் நிலத்தையும் பனியையும் இருவகை ராடாரால் வருடி, பனியாறுகளின் நகர்வைச் சென்ரிமீற்றர் கணக்கில் காணும் திறன் அதற்கு உண்டு. உயரும் கடலை அளக்கும் கருவிகள், அக்கடல் உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படக்கூடிய மணற்கரையொன்றிலிருந்தே வானுக்குப் போகின்றன.

இத்தனை கருவிகள் மேலே சுற்றியும், முகத்துவாரத்தின் மட்டம் என்ன என்பதற்கு அவை நேரடியாக விடை தருவதில்லை. உயரமானியின் துடிப்பு கடலைத் தொடும்போது பல கிலோமீற்றர் அகலமான வட்டமாக விரிந்திருக்கும். திறந்த கடலில் அது நன்மை, ஏனெனில் ஆயிரம் அலைகளின் சராசரி ஒரே தடவையில் கிடைக்கிறது. கரையை அணுகியதும் அதே வட்டத்துக்குள் கடலும் நாவலடி மணலும் வாவியும் படுவான்கரை வயலும் ஒன்றாக அகப்பட்டு, எதிரொலி குழம்பிவிடுகிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட சுவொட் செய்மதி இக்குறையை ஓரளவு போக்குகிறது. இரு கைகளை நீட்டியதுபோல் பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு அலைவாங்கிகளை விரித்து, 120 கிலோமீற்றர் அகலப் பரப்பை ஒரே வீச்சில் அளக்கும் அது, 250 மீற்றர் சதுரமான சிறுகுளத்தின் மட்டத்தையும் பிரித்தறியக்கூடியது. மட்டக்களப்பு வாவி அதன் கண்ணுக்குப் பெரிய நீர்நிலை. ஆனால் ஒரே இடத்துக்கு மீண்டும் வர அதற்கு மூன்று வாரம் செல்லும். வெள்ளமோ மூன்று நாளில் வந்து போய்விடும். அத்துடன், கரைநிலம் தாழ்கிறதா உயர்கிறதா என்பதைக் கடலின் உயரத்தை மட்டும் அளக்கும் கருவி சொல்லாது. கரையில் நட்ட கோல்தான் நிலத்தோடு ஒப்பிட்டுக் கடலைச் சொல்லும். கொழும்பிலும் திருகோணமலையிலும் உள்ள கடல்மட்ட மானிகளின் பெறுமதி அதில்தான் இருக்கிறது. செய்மதி உலகுக்கான மட்டத்தைத் தருகிறது, கோல் ஊருக்கான மட்டத்தைத் தருகிறது. ஒன்றில்லாமல் மற்றது அரைக்கணக்காகவே நிற்கும்.

ஒவ்வொரு மாரியிலும் உன்னிச்சைக் குளத்தின் மட்டம் அடியிலும் அங்குலத்திலும் ஊரெங்கும் அறிவிக்கப்படுகிறது. எத்தனை அடியில் வான்பாயும் என்பது வயலுக்குப் போகும் சிறுவனுக்கும் தெரியும். முகத்துவாரத்தில் கடல் எந்த மட்டத்தில் நிற்கிறது, கல்லடியில் வாவி எந்த மட்டத்தில் நிற்கிறது, இரண்டுக்கும் வேறுபாடு எவ்வளவு என்பதும் அதே இயல்போடு ஊரறிய வேண்டும். ஒரே நிலக்குறியோடு பொருத்தப்பட்ட இரண்டு அளவுகோல்களும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதப்படும் ஒரு குறிப்பேடும் இதற்குப் போதும். வாவிக்கரையில் பாடசாலைகள் இருக்கின்றன, கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆற்றுவாய் வெட்டப்படும் நாளில் இரு கோல்களும் காட்டிய அளவைப் பத்து ஆண்டுகளுக்கு எழுதிவைத்தால், எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உருகும் பனி படுவான்கரை வயலில் எத்தனை மணி நேரம் வெள்ளத்தைக் கூடுதலாக நிறுத்திவைக்கிறது என்பதை அந்த ஊரே கணக்கிட்டுச் சொல்லிவிடும். அடுத்த மாரிக்கு முன் அந்தக் கோல்கள் நடப்பட வேண்டும்.